உப்புக்காற்றில் இரண்டு கார்கள்

கார்களை ஒப்பிட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருந்து எழுதுகிறார்கள். மைலேஜ், பிக்கப், டச் ஸ்கிரீன், சன்ரூஃப் என்று நீளும் அந்தக் கட்டுரைகளில் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருப்பதில்லை. இந்த வண்டி உப்புக்காற்றுக்கு எத்தனை வருஷம் தாங்கும்?

ராமநாதபுரத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்து மீனவர்களுக்கு அவை வடகடல், தென்கடல். ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால் தென்கடல் உப்பு வந்து படியும். கார்த்திகையில் வாடை அடித்தால் வடகடல் உப்பு. உச்சிப்புளிப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கடலின் உப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று, அப்பா 1986-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். இன்னொன்று, நான் பள்ளிக்கூடம் போய்வர வாங்கிய இந்தக் காலத்துச் சின்ன எஸ்யூவி. அதன் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ரக வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரண்டையும் நானே ஓட்டுகிறேன், நானே கழுவுகிறேன். அடியில் குனிந்து பார்ப்பதும் நான்தான். அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணச் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றில் உள்ள நீரை இழுக்கத் தொடங்கிவிடும். எங்கள் கரையில் அவ்வளவு வறண்ட காற்று எந்நாளும் வீசுவதில்லை. ஆக, மழையே பெய்யாத மாதத்திலும், கூரைக்கு அடியில் நிறுத்திய வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அதில் உள்ள குளோரைடு, பெயிண்டில் ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். இரவு முழுக்க வேலை செய்யும். மழைக்காலத்தைவிட மழையில்லாத மாதங்களில்தான் துரு வேகமாக ஏறுகிறது என்று இங்கே டிங்கர் வேலை பார்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். நல்ல மழையில் வண்டி ஓடினால் அடிப்பக்கத்து உப்பு கழுவிக்கொண்டு போய்விடும்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், எல்லோரும் சிக்ரி என்று சொல்வது, கடல்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று ஆராய்வதற்கு மண்டபத்தில் தகடுகளை வைத்துப் பார்த்திருக்கிறது. பாம்பன் ரயில் பாலத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டிவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற தனி வகைப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில் பாலத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு மில்லிமீட்டர்கூட வராத கார்த் தகடு எம்மாத்திரம்!

இப்போது அம்பாசிடர். 'அந்தக் காலத்து இரும்பு, அசையாது' என்று பெருமையாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. லாரிக்கு இருப்பதுபோல அம்பாசிடருக்குத் தனியாக ஒரு சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்த வண்டி அது. அதில் உடம்பேதான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான சில், அடித்தளம், பின்னால் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் இடம், இவை எல்லாம் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்தி நிறுத்துகின்றன. சில் அரித்துப்போனால் போவது அழகு மட்டும் இல்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை, பள்ளத்தில் இறங்கினால் எங்கோ முனகுகிறது என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்த விஷயத்தில் வேறு மாதிரி. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே துண்டாக முன்னால் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளில் நிறையப் பார்த்த வண்டி. எங்கள் கரையில் ஒன்றும் மிச்சமில்லை என்றே நினைக்கிறேன். இருந்தால் சொல்லுங்கள், பார்க்க வருகிறேன்.

அம்பாசிடரின் துருவைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு டிங்கர். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சில் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். "கேட்டீகளா டீச்சர்? டங்குன்னு கேட்டா தகரம் இருக்கு. சொத்துன்னு கேட்டா பட்டிதேன் இருக்கு." பட்டி என்றால் ஓட்டையை அடைத்து மேலே பெயிண்ட் அடிப்பதற்காகப் பூசும் பசை. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் அந்தச் 'சொத்' கேட்டது. "இது முன்னாடி பாத்தவக வச்ச பட்டியாண்ணே?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வைத்தார். ஒட்டவில்லை, நழுவிக் கீழே விழுந்தது. மேலே பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட், உள்ளே தகரமே இல்லை. பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் ஒரு காந்தத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டியில் துரு இருக்கும் இடம் எல்லாமே கைக்கு எட்டும். தரை விரிப்பைத் தூக்கினால் அடித்தளம். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்தால் அதன் கீழே மணலும் துருவும். ஹெட்லைட்டைக் கழற்றினால் பின்னால் உள்ள கிண்ணம். சில்லின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு, அதில் கடற்கரை மணல் அடைத்துக்கொள்ளும். ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

புது வண்டியில் அப்படி இல்லை. அதன் தகடுகளில் பலவற்றுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். அப்புறம், உடம்பு முழுவதையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பெட்டி மாதிரியான பகுதிகளின் உள்ளுக்குள்ளும் பூச்சு போய் ஒட்டிக்கொள்கிறது. அப்பாவின் காரில் அதே இடத்தில் விரலை விட்டுத் தடவினால் வெறும் தகரம்தான் தட்டுப்படும். பெரிய முன்னேற்றம் இது, மனதார ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் பத்து வருஷம் ஓடிய சாதாரணச் சின்னக் கார்கள் கதவோரம் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் நிற்கின்றன. எண்பதுகளின் வண்டிகளுக்கு இங்கே அந்தக் கொடுப்பினை இருந்ததில்லை.

ஆனால் புது வண்டியில் அரிப்பு வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது. சக்கர வளைவுக்குள் பிளாஸ்டிக் மறைப்பு, சில்லுக்கு மேலே பிளாஸ்டிக், எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக். பார்க்கச் சுத்தமாக இருக்கும். அந்த மறைப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் மணலும் உப்பும் சேர்ந்து ஈரமாகவே கிடக்கும். அதைவிட முக்கியம், வயர்களின் முனைகள். இன்றைய காரில் ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தைச் சொல்லும் ஒரு சென்சார் இருக்கிறது. பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. அதன் இணைப்புக்குள் உப்பு ஈரம் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு நாள் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து வயரிங்கையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்புறம் ராமநாதபுரத்தில் கார் எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். இடது முன்சக்கரத்தைக் கழற்றி, மறைப்பை விலக்கி, சுண்டுவிரல் அளவு இருந்த இணைப்பை இழுத்தார். உள்ளே இரண்டே இரண்டு பின்கள். ஒன்று மஞ்சளாக இருந்தது. இன்னொன்றின் மேல் பாசி படிந்த மாதிரி பச்சைக் களிம்பு. அதற்கென்று உள்ள ஸ்பிரேயை அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, காயவிட்டு, கிரீஸ் தொட்டு மாட்டினார். விளக்கு அணைந்துவிட்டது. முழு வயரிங்கை விலை பேசிய இடத்தில் யாரும் அந்த மறைப்பை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதையே அம்பாசிடரோடு வைத்துப் பாருங்கள். வாடைக் காலத்தில் தேவிபட்டினத்திலிருந்து திரும்பும்போது மழையில் இருமி இருமி நின்றுவிட்டது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு கிளிப்பை விலக்கினேன். மூடியின் உட்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. துப்பட்டாவின் காய்ந்த முனையால் துடைத்தேன். உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டில் கறுப்புப் படிந்திருந்தது, உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தப் பாயின்ட் திறக்கும் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவுதான் இருக்க வேண்டும். அதை அளக்கும் கேஜ் டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடக்கும். வண்டி கிளம்பிவிட்டது. ஒரு கிளிப், ஒரு துணி, ஒரு உப்புத்தாள்! 1,489 சிசி எஞ்சினில் எது எதனால் அசைகிறது என்று பானெட்டைத் திறந்து நின்றால் கண்ணுக்கே தெரிகிறது. இந்தத் தெளிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், சொல்லிக்கொள்வதில் கூச்சம் இல்லை.

சரி, அப்படியென்றால் அம்பாசிடரே நல்லது என்று சொல்ல வருகிறேனா? இல்லவே இல்லை. உயிர் என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'பழைய காரில் மோதினால் எதிரில் வந்தவனுக்குத்தான் சேதம்' என்ற பேச்சு எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, 2009-இல் தன் 50-ஆம் ஆண்டை ஒட்டி இதைச் சோதித்தே காட்டியது. 1959-ஆம் வருஷத்து செவ்ரோலே பெல் ஏர் ஒன்றையும் 2009-ஆம் வருஷத்து செவ்ரோலே மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பாதி மட்டும் மோதும்படி விட்டார்கள். பெல் ஏர் பெரிய, கனமான இரும்பு வண்டிதான். ஆனால் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கிப்போனது. நிஜ மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது, உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில்தான் அடி.

நொறுங்க வேண்டிய பகுதி நொறுங்கினால்தான் மோதலின் வேகம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நொறுங்காத இரும்பு அத்தனை வேகத்தையும் அப்படியே நெஞ்சுக்குக் கடத்தும். அப்பாவின் காரில் ஸ்டீயரிங் தண்டு நேராக ஓட்டுபவரின் மார்பைப் பார்த்து நிற்கிறது. மடங்காது. முன்சீட் ஒரே பலகை, பெல்ட் கிடையாது. பிற்பாடு நாங்களே பெல்ட் பொருத்திக்கொண்டோம் என்றாலும், அதற்கென்று கட்டப்பட்ட உடம்பு அது இல்லை. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இங்கே விற்கும் புதிய கார்களுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம், அதே ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், கார்களை மோதவிட்டு நட்சத்திரம் போடும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் செய்த காருக்கு அதுதான் முதல்முறை. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே அதே மாதிரி பாரத் என்கேப் சோதனை வந்துவிட்டது. வாங்குகிற வண்டிக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காமல் சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

எங்கள் சாலைகளை நினைத்துப் பாருங்கள். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் 2.3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறியதும், முன்னால் போகும் சுற்றுலா வண்டி எந்த நொடியில் படம் எடுக்க நிற்கும் என்று தெரியாது. கச்சான் பக்கவாட்டில் தள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டிய பிறகு சீமைக்கருவேலக் காட்டுக்குள்ளிருந்து ஆடும் மாடும் கூட்டமாக ஏறும். அங்கே பிரேக்கை முழு மூச்சாக மிதித்தபடியே வண்டியைத் திருப்ப முடிய வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் முடியும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் அது போன போக்குத்தான். அதனால் இரவுப் பயணமும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரை போவதும் எங்கள் வீட்டில் புது வண்டியில் மட்டும்தான்.

சொகுசைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரையில் ஏசி வேண்டும், அவ்வளவுதான்.

பெட்ரோல் விஷயம் மட்டும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, குழாய்கள், கார்பரேட்டரின் வாஷர்கள் எல்லாம் இளகிவிடும். போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய டேங்கில் வெளிக்காற்று போய்வரும், எங்கள் காற்றோ ஈரக்காற்று. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது ஓட்டுவதுதான் வழி. உறை போட்டு மூடிவைப்பது இந்தக் கரையில் காரைக் காப்பதாகாது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அரசாங்கமும் பழைய வண்டிக்குச் செலவைக் கூட்டிக்கொண்டேதான் போகிறது. 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. 50 வருஷம் கடந்தால் பாரம்பரிய வண்டி என்று தனிப் பதிவு வாங்கலாம், ஆனால் அப்புறம் அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. புகை அதிகம் கக்கும் வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்ற நியாயத்தை மறுக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பத்து இருபது கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் தினம் ஓடும் வண்டியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இரண்டையும் இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். புது வண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் சர்வீசுக்கு விடலாம் என்று இருந்தால் இங்கே சரிப்படாது. வருஷம் ஒருமுறையாவது நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, மறைப்புகளை இறக்கி, பின்னால் சேர்ந்த மணலைக் கழுவி, இணைப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். செய்ய முடியாது என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மண்ணையும் பாழாக்கும். மெழுகு கலந்த பூச்சுகள் கடையில் கிடைக்கின்றன, அதை அடியுங்கள்.

கழுவும் தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் மாவட்டத்தில் ஹோஸ் பிடித்துக் கார் கழுவவும் மனம் வராது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்து மேலே துடைத்துவிட்டு, இன்னொரு வாளியை அடியிலும் சக்கர வளைவுகளிலும் கப்பால் வீசி அடித்தால் போதும். அடிப்பக்கம்தான் முக்கியம், மேலே மினுமினுப்பது அப்புறம். தனுஷ்கோடியைத் தாண்டியுள்ள அரிச்சல்முனைக்கு 2017-இல் சாலை வந்த பிறகு, வெளியூரிலிருந்து வருபவர்கள் படம் எடுப்பதற்காக வண்டியை அலை தொடும் ஈரமணல் வரை இறக்குவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அன்று ஒன்றும் தெரியாது. ஊருக்குப் போய், எல்லாம் மறந்துபோன பிறகுதான் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும்.

அம்பாசிடரின் சில்லை இப்போது வெட்டி எடுக்கப்போகிறோம். பட்டி வைத்து மூடாமல், அரித்த பாகம் முழுவதையும் அறுத்துவிட்டு, புதுத் தகட்டை மடக்கி வெல்டு வைத்து, மூடுவதற்கு முன் உட்பக்கத்தில் துத்தநாக பிரைமர் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பழைய இடத்திலேயே விட வேண்டும் என்பதையும் இரண்டு தடவை சொல்லியாயிற்று. "வெட்டிப் பாத்தாத்தேன் டீச்சர் உள்ள எம்புட்டுப் போயிருக்குன்னு தெரியும்" என்றார் டிங்கர். ஒரு வாரம் கேட்டிருக்கிறார், பத்து நாளே ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே பட்டறைக்கு அடுத்த கடையில்தான் அந்த எலெக்ட்ரீஷியனும் இருக்கிறார். புது வண்டியின் மற்ற மூன்று சக்கரங்களின் இணைப்புகளையும் அந்த வாரமே திறந்து பார்க்க அவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.